வெட்டாமல் மாட்டுங்ணா!

பழைய காருக்குப் புது ஸ்டீரியோ: ஒரு திருப்பூர்ப் பாடம்

அவினாசி சாலை ஓரத்தில் காருக்கு ஸ்டீரியோ மாட்டும் கடை. வாசலில் வெள்ளை இன்னோவா ஒன்று நாலு கதவையும் திறந்து போட்டு நிற்கிறது. டி.என். 39 நம்பர், 2007 மாடல். கீறல் விழக் கூடாது என்று கியர் ராடின் மேலும் முன் சீட்டுகளின் மேலும் பனியன் வேஸ்ட்டை விரித்திருக்கிறார்கள். இந்த ஊரில் எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் கை துடைக்க இந்தத் துணிதான். எங்கோ ஐரோப்பாவில் கடை ஏறிய டி-ஷர்ட்டின் மிச்சமாக இருக்கும். டேஷ்போர்டின் நடுவில் இருந்த கம்பெனி செட் வெளியே வந்து வயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஹெல்ப்பர் பையன் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் எழுந்தே விட்டார்.

"கண்ணு, அதக் கீழ வெய்யி. வெட்டாம மாட்ட முடியும்னா மாட்டு. இல்லீன்னா பழசே இருந்துட்டுப் போகட்டும்."

வண்டிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, பிறகு சொந்தமாகப் பவர் டேபிள் போட்டவர். ஷிப்மென்ட் நேரத்தில் பையர்களை பீளமேடு ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்த வண்டி இது. என்னிடம் திரும்பி, "துணிய லேயர் போட்டு மார்க் பண்ற வரைக்கும் எதையும் மாத்திக்கலாமுங்க. கத்தி ஓடுன பொறவு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

கடைக்காரர் உள்ளேயிருந்து சிரித்தபடி வந்தார். "கப்ளர் இருக்குதுங்ணா. பையன் புதுசு, தெரியாம எடுத்துட்டான்."

பழைய காரில் செட் மாற்றப் போகிறவர்கள் எந்த பிராண்டு, எத்தனை இஞ்ச் ஸ்கிரீன், எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு: "வண்டியில எதையாச்சும் வெட்டுவீங்களா?" வெட்டியே பிழைக்கும் ஊர் இது. எங்கே வெட்டக் கூடாது என்பதும் இந்த ஊருக்குத்தான் தெரியும்.

காருக்கு ஓர் ஆயுசு, செட்டுக்கு ஓர் ஆயுசு

அமெரிக்காவில் கால்வின் கம்பெனி 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை 1930இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு கம்பெனிக்கே அந்தப் பெயர் நிலைத்தது. பிலிப்ஸ் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்தது. சோனியும் பயனியரும் காருக்கான சி.டி. பிளேயர்களை 1984இல் இறக்கின. 2014இல் ஆப்பிளின் கார்பிளே வந்தது, அடுத்த வருஷமே கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோ. பாட்டைச் சுமந்து வரும் பொருள் இருபது வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. காரோ, நல்ல கையில் இருந்தால் முப்பது வருஷம் ஓடும்.

நம் ஊரில் 'கம்பெனி செட்' என்பதே பிற்காலத்து வழக்கம். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பெரும்பாலான வண்டிகள் செட் இல்லாமல்தான் வரும். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் கொடுத்ததோ, சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசியதோ, எதையாவது தனியாக வாங்கி மாட்டிக்கொள்வார்கள். 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வந்தது. திருப்பூர் ஏற்றுமதி சூடு பிடித்ததும் அதே பத்தாண்டில்தான். பனியன் கம்பெனிக்காரர் மொபெட்டிலிருந்து காருக்கு மாறியபோது ஏறியது பெரும்பாலும் அந்தச் சின்ன வண்டியில். 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. ஆனால் பல்லடம் சாலையிலும் மங்கலம் சாலையிலும் பீஸ் மூட்டையைப் பின் சீட்டில் அடைத்துக்கொண்டு ஓடும் 800களை இப்போதும் பார்க்கலாம்.

சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. கட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் இங்கே நிறைய. கையில் நாலு லட்சம் சேர்ந்தால் ஜாப் ஒர்க் செய்கிறவரின் புத்தி புதுக் காருக்குப் போகாது, இன்னும் இரண்டு ஓவர்லாக் மிஷினுக்குத்தான் போகும். வண்டி பழசாகவே இருக்கும், உள்ளே பாட்டு மட்டும் புதுசாகும்.

எங்கள் வீட்டு 800

எங்கள் வீட்டிலும் ஒரு 800 இருந்தது. 1996 மாடல், அப்பா செகண்ட்ஹேண்டில் வாங்கியது. முதலில் கேசட் செட். பெல்ட் இளகிப் பாட்டு இழுக்க ஆரம்பித்ததும் எம்.பி.3 சி.டி. செட். அது தட்டைத் துப்பப் பழகியதும் பென் டிரைவ் செட். ஒவ்வொரு முறையும் வேறு கடை, ஒவ்வொரு கடையும் பழைய வயரில் ஒரு விரற்கடை வெட்டி எறிந்து, நுனியை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியது. கடைசியில் டேஷ்போர்டுக்குள் கையை விட்டால் பிசுபிசுவென்று ஒரு கூடு தட்டுப்படும். வெயிலில் டேப்பின் பசை இளகி வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

ஒரு ஷிப்மென்ட் வாரம். அப்பா யூனிட்டிலேயே தங்கிவிட்டார், வண்டி வீட்டில் ஆறு நாள் நின்றது. ஏழாம் நாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. தெருவே சேர்ந்து தள்ளியது. பேட்டரி மோசம் என்று புதுசு வாங்கினோம். அதுவும் அடுத்த லீவில் படுத்துவிட்டது.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. செட்டுக்கு மின்சாரம் இரண்டு வழியாகப் போகும். மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் வருவது. செட் தூங்கும்போது ஸ்டேஷன், கடிகாரம் இவற்றை நினைவில் வைத்திருக்க மட்டும் அதில் மிகச் சொற்பமாக இழுக்கும். சிவப்பு வயர் சாவி வழியாக வருவது. சாவியை எடுத்தால் அது செத்துவிட வேண்டும், அப்போதுதான் செட் தூங்கும். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாமே என்று எவரோ ஒரு ஃபிட்டர் இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். எங்கள் செட் தூங்கவே இல்லை. 0.3 ஆம்பியர் இழுத்தது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தாம் நாளே வறண்டுவிடும். பேட்டரிக் கடைக்காரருக்கு லாபம், தெருவுக்கு உடற்பயிற்சி.

வண்ணத்தை நம்பாதே, கப்ளரை நம்பு

சாயப்பட்டறைக்காரர்கள் ஷேடு கார்டு வைத்திருப்பது போல, கடையில் வாங்கும் செட்டுகளுக்கும் ஒரு நிறக் கணக்கு உண்டு. மஞ்சளும் சிவப்பும் சொல்லியாயிற்று. கருப்பு, எர்த். நீலம், ஆன்டெனாவுக்கு. வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றும் ஜோடியாக வரும். கருப்புக் கோடு ஓடுவது மைனஸ்.

ஆனால் இந்தக் கணக்கு செட்டின் பக்கம் மட்டும்தான். காரின் பக்கம் வரும் வயர்களுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் கொடுத்திருக்கிறது. சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை என்று சேர்த்தால் லாட் மாறிய துணியை ஒரே பீஸில் தைத்த கதைதான். இதைத் தீர்க்கத்தான் கப்ளர். ஒரு முனை காரின் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், மறுமுனை செட்டோடு சேரும். சேர்க்கும் வேலை முழுக்கக் கடை மேஜையின் மேல் நடக்கும், சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு. வண்டியின் வயர் கன்னி கழியாமல் அப்படியே இருக்கும். செட்டோடு ஒப்பிட்டால் கப்ளரின் விலை ஒன்றுமே இல்லை. அந்தச் சின்னக் காசை மிச்சம் பிடிக்கத்தான் கட்டிங் பிளேயர் வெளியே வருகிறது.

ஏற்கெனவே வெட்டிய வண்டி என்றால்? டெஸ்ட் லேம்ப்போ மல்டிமீட்டரோ வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்து, ஒரு கப்ளரை நிரந்தரமாகப் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த தடவை வெட்ட வேண்டியிருக்காது. மிகப் பழைய வண்டிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வயரை இழுத்து, மறுமுனையை பாடியில் எர்த் செய்திருப்பார்கள். அந்தக் காலத்து செட்டுக்கு அது சரி. இப்போதைய செட்டில் ஸ்பீக்கர் மைனஸ் பாடியில் பட்டால் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போய்விடும். நாலு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஜோடி வயர் இழுத்தே ஆக வேண்டும்.

ஸ்பீக்கரின் பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரியவில்லையா? இன்னோவாவின் பின் கதவில் கடைக்காரர் செய்து காட்டினார். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல்லை எடுத்து, இரண்டு வயரையும் அதன் இரு முனையிலும் லேசாகத் தொட்டார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு 'டப்' என்று வெளியே தள்ளியது. "வெளிய வந்தா செல்லோட பிளஸ் தொட்டது பிளஸ்ங்க. உள்ள போனா மாத்திக்கோணும்." ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், தவில் சத்தம் காற்றில் கரைந்துவிடும். செட் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் சிலருக்கு இந்த ஒரு செல்லே வைத்தியம்.

ஒரே அளவு ஓட்டை

ஆளுக்கொரு அளவில் சட்டை தைக்க முடியாது என்றுதான் சைஸ் சார்ட் வந்தது. கார் ரேடியோவுக்கும் ஜெர்மனிக்காரர்கள் அப்படி ஒரு சைஸ் வகுத்தார்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். அந்தத் தர அமைப்பின் பெயரால் அது 'டின்'. உயரம் இரட்டித்தால் 'டபுள் டின்'. கேசட் போயும் சி.டி. போயும் அந்த ஓட்டை மட்டும் மாறவில்லை. முப்பது வருஷத்து வண்டியிலும் இன்று வாங்கிய செட் உட்காருவது அதனால்தான். இன்னோவா போன்ற டொயோட்டா வண்டிகளில் ஓட்டையின் அகலம் 200 மில்லிமீட்டர். சாதாரண செட்டை வைத்தால் இரு பக்கமும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விழும், அதை மறைக்கத் தனி ஃபிரேம் உண்டு. ஃபிரேம் இல்லை என்று டேஷ்போர்டை அறுக்கவோ ஃபைல் போட்டுத் தேய்க்கவோ கிளம்புகிற கடையில் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வது நல்லது.

அட்டைப்பெட்டியின் 50 வாட்

'50 வாட் x 4' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பொய்யா என்றால், முழுப் பொய் இல்லை. வண்டி ஓடும்போது செட்டுக்குக் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். நாலு ஓம் ஸ்பீக்கரில், ஒலி சிதையாமல் அதிலிருந்து வரக்கூடிய உச்சம் 26 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. வால்யூமை முழுக்கத் திருகி, பாட்டு கரகரத்து அலையெல்லாம் சதுரமாக நசுங்கும்போதுதான் கணக்கு 52 வாட்டைத் தொடும். அந்தக் கரகரப்பைத்தான் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். செட்டின் முதுகில் செருகியிருக்கும் ஃபியூஸையும் பாருங்கள். பத்து ஆம்பியர் என்றால் தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 144 வாட்தான். நாலு ஐம்பது இருநூறு எங்கிருந்து வரும்?

லேபிள் என்றால் என்ன என்று திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே லைனில் காலையில் ஒரு நாட்டு பிராண்டும் சாயங்காலம் இன்னொரு நாட்டு பிராண்டும் தைத்தவர்கள் இங்கே தெருவுக்கு நூறு பேர். ஆனாலும் செட் வாங்கப் போனால் நாமும் லேபிளைத்தான் பார்க்கிறோம். ப்ளாபுங்க்ட் கதையைக் கேளுங்கள். 1924இல் பெர்லினில் வேறு பெயரில் தொடங்கிய கம்பெனி. சோதித்துத் தேறிய ஹெட்போன்களில் நீலப் பொட்டு ஒட்டியது. ஜனங்கள் நீலப் பொட்டையே கேட்டு வாங்க, 1938இல் அதுவே பெயரானது. நம் செக்கிங் டேபிளில் டேமேஜ் பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அங்கே தேறியதற்கு ஒட்டினார்கள். அதற்கு முன்பே பாஷ் கைக்குப் போயிருந்தது. 2008இல் அவர்களும் விற்றுவிட, பிறகு ஜெர்மன் கம்பெனி திவாலானது. இன்று அந்தப் பெயரை உரிமம் பெற்றவர்கள் நாடு நாடாகப் போட்டுக்கொள்கிறார்கள். பொருள் மோசம் என்று சொல்ல வரவில்லை. பொட்டைப் பார்த்து மட்டும் காசை எடுக்காதீர்கள், தையலையும் பாருங்கள்.

தையலைப் பார்ப்பது எப்படி? உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். 'எஃப்.ஏ.டி. 32' முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும், பல செட்டுகள் அதை மட்டுமே படிக்கும். பாதி வால்யூமில் கேளுங்கள். பிறகு போன் பேசிப் பாருங்கள், எதிர்முனையில் இருப்பவர் உங்கள் குரலைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். காசு குறைவு என்றால் செட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினாலே போதும். இருபது வருஷம் வெயில் குடித்த காகிதக் கூம்பு எந்த செட்டைப் போட்டாலும் உளறத்தான் செய்யும்.

106.4 ஏன் வரவில்லை?

புது செட் போட்டதும் சிலருக்கு ஒரு விசித்திரம் நடக்கும். சூரியன் 93.5 கணீரென்று வரும், ஹலோ 106.4 மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டேஷனைக் குறை சொல்லாதீர்கள். செட்டின் செட்டிங்கில் 'அமெரிக்கா' என்று இருக்கும். அந்த ஊர்க் கணக்கில் எஃப்.எம். 87.9, 88.1, 88.3 என்று ஒற்றைப்படையாகவே தாவும். 93.5 அதில் அகப்படும், 106.4 இரண்டு படிக்கு நடுவே விழுந்துவிடும். மீடியம் வேவும் அப்படித்தான். நமக்கு ஒன்பது கிலோஹெர்ட்ஸ் படி, அவர்களுக்குப் பத்து. பத்துப் பத்தாகத் தாவினால் கோவை வானொலியின் 999இல் சரியாக நிற்காது. ஏரியாவை மாற்றினால் அடுத்த நிமிஷம் எல்லாம் சரி.

எந்த ஸ்டேஷனுமே தெளிவாக எடுக்கவில்லை என்றால் நீல வயரைத் தேடுங்கள். கூரையில் குட்டை ஆன்டெனா வைத்த வண்டிகள் பலவற்றில் அதன் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். அதற்கு மின்சாரம் போவது நீல வயர் வழியாக. 'இது எதுக்கு' என்று மடித்து டேப் சுற்றிவிட்டிருப்பார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு போல ஒரு ரீங்காரம் ஏறினால் எர்த் சரியில்லை. பெயின்ட்டின் மேல் முடுக்கியிருப்பார்கள், சுரண்டி இரும்பில் முடுக்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக் வயர்

ஸ்கிரீன் செட்டோடு இளம்பச்சை நிறத்தில் ஒரு வயர் வரும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது. நம் கடைகளில் அதை நேராக எர்த்தில் கொடுத்துவிடுவார்கள், வண்டி நூறில் போனாலும் படம் ஓடும். வாடிக்கையாளர் கேட்கிறார், அவர் செய்கிறார். இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரி பெருந்துறைப் பக்கம் பைபாஸில் வருகிறவரின் கண்ணுக்கு முன்னால் ஒன்பது இஞ்சில் சினிமா ஓடினால் என்ன ஆகும்? "அதைச் சரியான இடத்திலேயே கொடுங்க" என்று சொல்ல வேண்டியது நாம்தான். ரிவர்ஸ் கேமராவுக்கும் மேப்புக்கும் அந்த வயர் குறுக்கே நிற்காது.

காசு விஷயத்தில் இன்னொன்று. வண்டியோடு வராமல் வெளியே மாட்டிய மின் சாதனத்தை இன்ஷூரன்ஸில் தனியாகக் காட்ட வேண்டும். மோட்டார் டாரிஃப் அதற்கு மதிப்பில் 4 சதவீதம் என்று வகுத்தது. பத்தாயிரம் ரூபாய் செட்டுக்கு நானூறு. காட்டாமல் விட்டு, வண்டியோடு செட்டும் திருடு போனால் செட்டின் காசை மறந்துவிட வேண்டியதுதான்.

சாவியை வாங்கும் முன்...

* வேலை தொடங்கும்போது பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். சில ஹோண்டா, ஃபோர்டு வண்டிகளின் கம்பெனி செட், பேட்டரி இணைப்பு போனால் கோடு எண் கேட்கும். எண்ணை முதலிலேயே தேடி வையுங்கள்.
* ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றியிருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.
* பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் ஓட்டி நாலு ஸ்பீக்கரும் தத்தம் இடத்தில் பேசுகிறதா என்று பாருங்கள்.
* ஹெட்லைட், ஹாரன், ஏ.சி. ஃபேன் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பேனலுக்குப் பின்னால் ஏதாவது பிளக் மாட்டாமல் கிடக்கலாம்.
* பழைய செட்டையும் அதன் ஸ்குரூக்களையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னோவாவில் வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆனது. கப்ளர் 'கிளிக்' என்று உட்கார்ந்தபோது கட்டிங் மாஸ்டர் குனிந்து டேஷ்போர்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கம்பெனி வயர் கம்பெனி வயராகவே இருந்தது. பேனலை மூடியதும் ஹெல்ப்பர் பையன் எடுத்த எடுப்பில் வால்யூமை ஏற்றினான். அவர் கையால் சைகை காட்டிக் குறைக்கச் சொன்னார். அவருக்குக் கேட்க வேண்டியது பாட்டு இல்லை.

சாவியைத் திருப்பி வெளியே எடுத்தார். ஸ்கிரீன் அணைந்தது. மறுபடி போட்டார், எரிந்தது. மறுபடி எடுத்தார், அணைந்தது. கண்ணாடியில் முகம் வைத்து, மூலையில் ஏதாவது குட்டி விளக்கு மிச்சம் இருக்கிறதா என்று தேடினார்.

"தூங்குதுங்க" என்றார் கடைக்காரர்.

பழைய செட்டை, சீட்டில் விரித்திருந்த பனியன் வேஸ்ட்டிலேயே சுற்றி பாலி பேக்கில் போட்டுக் கொடுத்தார்கள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து அதன் மேல் வண்டி நம்பரை எழுதினார். அதற்குக் கீழே, ஒரு கணம் யோசித்து, 'நல்ல நிலை' என்று சேர்த்து எழுதிவிட்டு டிக்கியைத் திறந்தார்.